நாடியை எழுத வைத்த குடும்ப டாக்டர் – ஸர் ஜேம்ஸ் மெக்கன்சி

நம் அங்கத்தினர்களில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். குழந்தைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார்கள். எந்த ஊர்க் கிளைக் கூட்டமானாலும் பத்து நிமிஷத்துக்குள் பேச்சு ஷுகர், பிரஷர், ஸ்டென்ட், முழங்கால் ஆபரேஷன் என்று திரும்பி விடுகிறது. ஆளுக்கு ஒரு ஃபைல், ஃபைலுக்கு நாலு ஸ்பெஷலிஸ்ட். ஆனால் எங்கள் குடும்ப டாக்டர் இவர் என்று ஒருவரைச் சுட்டிக் காட்டக் கூடியவர்கள் நம்மிடையே குறைந்து கொண்டே வருகிறார்கள். இந்தச் சமயத்தில், ஓர் ஆலைத் தொழிலாளர் ஊரில் 28 வருஷம் வீடு வீடாகப் போய் வைத்தியம் பார்த்து, அதிலிருந்தே உலகத்து இருதய நிபுணர்களுக்குப் பாடம் சொன்ன ஒருவருடைய சரித்திரத்தை எழுதலாம் என்று தோன்றியது.

நான் டாக்டர் அல்ல. பௌதிகத்தில் பட்டம் பெற்று, மத்திய அரசின் வானிலைத் துறையில் பல ஊர்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தினம் காலை எட்டரை மணிக்கு மழைமானியைப் பார்த்து அளவைக் குறிப்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. மழை பெய்தாலும் குறிக்க வேண்டும், பெய்யாவிட்டாலும் சைபர் என்று குறிக்க வேண்டும். முப்பது, நாற்பது வருஷம் விடாமல் எழுதிய பிறகுதான் ஓர் ஊரின் மழை எப்படி என்று சொல்ல முடியும். மெக்கன்சியைப் பற்றிப் படித்தபோது, இந்த மனுஷர் நம்ம ஜாதித் தொழில்காரர் என்றுதான் எனக்குப் பட்டது. அவர் மழைக்குப் பதிலாக மனிதர்களின் நாடியைக் குறித்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

இளமை

ஜேம்ஸ் மெக்கன்சி 1853-ம் வருஷம் ஏப்ரல் 12-ந் தேதி ஸ்காட்லாந்தில் பெர்த் நகருக்குப் பக்கத்திலுள்ள ஸ்கோன் என்ற இடத்தில் ஒரு விவசாயி வீட்டில் பிறந்தார். பள்ளிக்கூடத்தில் சூட்டிகையான பையன் என்று பெயர் வாங்கவில்லை. நெட்டுருப் போடுவது அவருக்கு வரவே வராது. ஏன் என்று புரியாத ஒன்றை மனசில் நிறுத்திக் கொள்ள முடியாத சுபாவம். பதினைந்து வயதில் படிப்பை விட்டு, பெர்த்தில் ஒரு மருந்துக் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். மருந்துச் சீட்டுகள் வரும், பொட்டலம் போகும், ஆனால் எந்த மருந்து யாருக்கு, எதனால் குணம் தருகிறது என்ற கேள்விக்கு அங்கே பதில் இல்லை. கடையில் பங்கு தருவதாகச் சொன்னதையும் மறுத்துவிட்டு, 1874-ல், 21-ம் வயதில், எடின்பரோ பல்கலைக்கழகத்தில் வைத்தியம் படிக்கச் சேர்ந்தார். 1878-ல் பட்டம் பெற்றார். பரீட்சைகளில் ஞாபக சக்திக்கே மார்க் என்பதால் பெரிய பரிசுகள் எதுவும் அவரைத் தேடி வரவில்லை.

1879-ல் இங்கிலாந்தில் லங்காஷயர் பிரதேசத்திலுள்ள பர்ன்லி என்ற ஊருக்கு, ஏற்கெனவே அங்கே தொழில் நடத்தி வந்த இரண்டு டாக்டர்களுக்கு உதவியாகப் போனார். பிற்பாடு அவர்களுடைய கூட்டாளியும் ஆனார். பர்ன்லி பருத்தி நெசவு ஆலைகள் நிறைந்த ஊர். புகையும் ஈரமும் நெருக்கமான வீடுகளும் சேர்ந்த இடம். பகலில் டிஸ்பென்சரி, பிறகு வீட்டு விஜயங்கள், ராத்திரியில் பிரசவம் என்று ஓய்வில்லாத வேலை. ஆராய்ச்சிக்கு லாயக்கான இடம் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஒரு பிரசவம்

பர்ன்லிக்கு வந்த சில காலத்திலேயே, அவர் கவனிப்பில் இருந்த ஓர் இளம் கர்ப்பிணி பிரசவ வேதனையில் இருக்கும்போது இருதயம் செயலிழந்து அவர் கண்ணெதிரே இறந்து போனாள். அவளுக்கு இருதய நோய் இருந்தது. அவளுடைய நிலைமை இவ்வளவு மோசம் என்று முன்கூட்டியே தெரிந்து கொண்டிருக்க முடியுமா, தெரிந்திருந்தால் காப்பாற்றியிருக்க முடியுமா என்ற கேள்வி அவரை விடவில்லை. புத்தகங்களைப் புரட்டினார். இருதயத்தில் கேட்கக் கூடிய இரைச்சல்களுக்கெல்லாம் அழகான வர்ணனைகள் இருந்தன. ஆனால் இந்த இரைச்சல் உள்ளவர் எத்தனை வருஷம் இருப்பார், பிரசவத்தைத் தாங்குவாரா, ஆலை வேலைக்குப் போகலாமா என்பதற்கு உருப்படியான பதில் ஒரு புத்தகத்திலும் இல்லை.

இதற்குக் காரணம் என்ன என்று அவர் யோசித்ததுதான் முக்கியம். பெரிய ஆஸ்பத்திரி நிபுணர் நோயாளியைப் பார்ப்பது வியாதி முற்றிய பிறகு, சில நாட்கள் மட்டும். வியாதி எப்படித் தொடங்கியது என்பதை அவர் பார்ப்பதில்லை. வீட்டுக்குப் போன பிறகு என்ன ஆயிற்று என்பதும் அவருக்குத் தெரியாது. முதல் அடையாளத்திலிருந்து முடிவு வரை ஒரே மனிதரைப் பார்க்கிற வாய்ப்பு குடும்ப டாக்டருக்கு மட்டுமே உண்டு. அப்படியானால் அந்த வேலையைக் குடும்ப டாக்டர்தான் செய்தாக வேண்டும். இந்தத் தீர்மானத்தோடு, தம்மிடம் வரும் இருதய நோயாளிகள் ஒவ்வொருவரைப் பற்றியும் குறிப்பு எழுத ஆரம்பித்தார். வருஷக் கணக்காக அதைத் தொடர்ந்தார்.

கருவி

வெறும் விரலால் பார்த்த நாடியைப் பத்து வருஷம் கழித்து ஒப்பிட முடியாது. அதனால் நாடியைக் காகிதத்தில் பதிய வைக்க வேண்டியிருந்தது. மணிக்கட்டு நாடியைப் பதிவு செய்யும் கருவி அப்போதே இருந்தது. ஆனால் அது இருதயத்தின் கீழ் அறை இரத்தத்தை வெளியே தள்ளுவதை மட்டும்தான் காட்டும். மேல் அறை என்ன செய்கிறது என்பதை அறியக் கழுத்தில் ஓடும் பெரிய சிரையின் துடிப்பைப் பார்க்க வேண்டும். மெக்கன்சி இரண்டையும் ஒரே சமயத்தில், ஒன்றன் கீழ் ஒன்றாகப் பதிய வைக்க வழி செய்தார். கழுத்தின் மேல் ஒரு சிறு கிண்ணம். அதிலிருந்து ரப்பர்க் குழாய் வழியாகக் காற்றின் அசைவு ஒரு மெல்லிய சவ்வுக்குப் போகும். சவ்வு ஒரு நெம்புகோலை ஆட்டும். நெம்புகோல் கோடு போடும். முதலில் புகை பூசிய காகிதத்தில்தான் கோடு விழுந்தது. அதில் ஒரு சில துடிப்புகளுக்கு மேல் பதிய முடியாது. பிற்பாடு பக்கத்து ஊரான பாடிஹமில் இருந்த செபாஸ்டியன் ஷா என்ற கடிகாரக்காரரின் உதவியோடு, மையால் எழுதும் பேனாவும் சாவி கொடுத்தால் ஓடும் நீண்ட காகிதச் சுருளும் வைத்து ஒரு கருவி உருவாயிற்று. இங்க் பாலிகிராஃப் என்று பெயர். பையில் போட்டு நோயாளி வீட்டுக்கே எடுத்துப் போகலாம். சிரைத் துடிப்பின் அலைகளுக்கு அவர் வைத்த ஏ, சி, வி என்ற எழுத்துகளை இன்றைய மருத்துவ மாணவர்களும் படிக்கிறார்கள்.

கண்டது என்ன?

நாடி சீராக இல்லாமல் தப்பினால் ஆபத்து என்பது அந்தக் காலத்துப் பொதுவான எண்ணம். இருதயம் கெட்டுவிட்டது, மாடி ஏறாதே, வேலைக்குப் போகாதே, கல்யாணம் செய்து கொள்ளாதே என்று எத்தனையோ பேரைப் படுக்கையில் தள்ளியிருந்தார்கள். மெக்கன்சி தம் காகிதச் சுருள்களையும் குறிப்புகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். சீரற்ற நாடி என்பது ஒரே வியாதி இல்லை, பலவகை என்பது விளங்கிற்று.

ஒரு வகை, சிறுவர்களுக்கும் வாலிபர்களுக்கும் மூச்சோடு சேர்ந்து நாடி வேகமாகி மெதுவாவது. இது வியாதியே இல்லை. இன்னொரு வகை, உரிய நேரத்துக்கு முன்பே ஒரு துடிப்பு வந்து, அடுத்து ஒரு இடைவெளி விழுவது. நெஞ்சு ஒரு கணம் நின்று போனது போலத் தோன்றும். இப்படி நாடி தப்பியவர்களை வருஷக் கணக்கில் தொடர்ந்து பார்த்தபோது, வேறு கோளாறு இல்லாத பட்சத்தில் அவர்கள் மற்றவர்களைப் போலவே வேலை செய்து கொண்டு சௌக்கியமாக இருந்தார்கள். பயமுறுத்தியதுதான் அவர்களுக்கு வந்த வியாதி.

மூன்றாவது வகைதான் நிஜமாகவே கவலைக்குரியது. ருமாட்டிக் ஜுரத்தால் இருதய வால்வு சுருங்கிய ஒரு பெண்ணை அவர் பர்ன்லியில் பல வருஷங்களாகப் பார்த்து வந்தார். 1890-களின் இறுதியில் ஒரு நாள் அவளுடைய நாடி திடீரென்று ஒழுங்கே இல்லாமல் தாறுமாறாக ஆயிற்று. பழைய பதிவுகளோடு ஒப்பிட்டபோது, சிரைத் துடிப்பில் மேல் அறைக்கு உரிய அலை முழுவதுமாக மறைந்து போயிருந்தது. மேல் அறை செயலற்றுவிட்டது என்று முதலில் முடிவு கட்டினார். பிறகு, இப்படி இறந்தவர்கள் சிலருடைய இருதயத்தை அறுத்துப் பார்த்தபோது மேல் அறையின் சுவர் மெலியாமல் தடித்திருந்தது. வேலை செய்யாத தசை தடிக்காது. ஆகவே தம் விளக்கம் தவறு என்று தாமே அதை மாற்றிக் கொண்டார். மாற்றிய விளக்கமும் முழுதும் சரியில்லை. 1909-ல் அவருடைய இளைய நண்பர் தாமஸ் லூயிஸ் இ.ஸி.ஜி. கருவியால், இது மேல் அறை ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக் கொண்டிருக்கும் நிலை என்று நிலைநாட்டினார். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று இன்று நம் ரிப்போர்ட்டுகளில் வருகிறதே, அதுதான். மெக்கன்சி இதையும் தயங்காமல் ஏற்றுக் கொண்டார்.

வைத்தியத்திலும் இதே முறைதான். டிஜிடாலிஸ் என்ற செடியின் மருந்தை வில்லியம் விதரிங் என்பவர் 1785-லேயே நூலாக எழுதியிருந்தார். ஆனால் நூறு வருஷத்துக்குப் பிறகும், இருதயக் கோளாறு என்றாலே எல்லாருக்கும் அதைக் கொடுப்பதும், பலன் தெரியாவிட்டால் மருந்தையே திட்டுவதும் வழக்கமாக இருந்தது. மெக்கன்சி மருந்தைக் கொடுத்து, நாடி குறைகிறதா, குமட்டல் வருகிறதா என்று பதிவு செய்து கொண்டே போனார். பலன் தெரிந்ததும் அளவைக் குறைத்தார். மேலே சொன்ன மூன்றாவது வகைக்காரர்களுக்குத்தான் அது கண்கூடாக வேலை செய்கிறது என்று தெரிந்தது. யாருக்கு எந்த மருந்து என்ற மருந்துக் கடைப் பையனின் கேள்விக்கு ஒரு மூலையிலாவது பதில் கிடைத்தது.

லண்டனும் யுத்தமும்

1902-ல் நாடியைப் பற்றிய அவருடைய பெரிய நூல் வெளிவந்தது. ஹாலந்து நாட்டு இருதய நிபுணர் வென்கெபாக் போன்றவர்கள் அதைப் படித்து வியந்தார்கள். ஆனால் சொந்த நாட்டில் ஓர் ஆலை ஊர் டாக்டரின் பேச்சை யாரும் பெரிதாக எடுத்துக் கொள்ளவில்லை. 1907-ல், 54-ம் வயதில், நன்றாக நடந்து கொண்டிருந்த தொழிலை விட்டுவிட்டு லண்டனுக்குப் போனார். நம்மில் பலர் அந்த வயதில் பென்ஷன் கணக்குப் போட ஆரம்பித்து விடுவோம். ஆரம்பத்தில் நோயாளிகள் அதிகம் வரவில்லை. 1908-ல் இருதய நோய்கள் பற்றிய அவருடைய நூல் வெளிவந்த பிறகு நிலைமை மாறிற்று. 1913-ல் லண்டன் ஹாஸ்பிடலின் இருதயப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். 1915-ல் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ ஆனார். அதே வருஷம் ஸர் பட்டமும் கிடைத்தது.

முதல் உலகப் போரில் ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் மூச்சுத் திணறல், படபடப்பு என்று இருதய நோயாளிகளாக முத்திரை குத்தப்பட்டு ஆஸ்பத்திரிகளில் கிடந்தார்கள். இவர்களுக்காக ஹாம்ப்ஸ்டெட்டில் ஏற்பட்ட ராணுவ இருதய ஆஸ்பத்திரிக்கு ஆலோசகர்களில் மெக்கன்சியும் ஒருவர். ஸ்டெதஸ்கோப்பில் ஓர் இரைச்சல் கேட்பது மட்டுமே வியாதிக்குச் சாட்சி ஆகாது. உடல் உழைப்புக்கு அந்த இருதயம் எப்படி ஈடு கொடுக்கிறது என்பதே கேள்வி என்பது அவர் வெகு காலமாகச் சொல்லி வந்தது. அங்கே பரிசோதித்தவர்களில் பலருக்கு இருதய நோயே இல்லை என்று தெரிந்தது. படிப்படியான உடற்பயிற்சியால் அவர்களில் பலர் தேறினார்கள்.

செயின்ட் ஆண்ட்ரூஸ்

புகழும் வருமானமும் உச்சியில் இருந்தபோது அவர் மறுபடியும் எல்லாவற்றையும் விட்டார். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற சிற்றூருக்குக் குடியேறி, 1919-ல் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார். அங்கே ஆராய்ச்சியாளர்கள் ஊரிலுள்ள குடும்ப டாக்டர்களேதான். ஒரு சிறு ஊரின் ஜனங்களை வருஷக் கணக்காகத் தொடர்ந்து, முதலில் தோன்றும் சின்னச் சின்ன உபாதைகளைக் கார்டுகளில் குறித்து, அவற்றில் எது பெரிய வியாதிக்கு முன்னறிவிப்பு, எது தானே போய்விடும் என்று கண்டுபிடிப்பதே நோக்கம். அவருக்கு அப்போது 66 வயது. பலனைத் தாம் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தேதான் தொடங்கியிருக்க வேண்டும்.

அதற்குள் அவருக்கே நெஞ்சு வலி வந்து விட்டிருந்தது. 1923-ல் ஆஞ்சைனா பற்றி எழுதிய நூலில், பல நோயாளிகளின் சரித்திரங்களோடு தம்முடையதையும் பெயர் சொல்லாமல் சேர்த்துவிட்டார். 1925 ஜனவரி 26-ந் தேதி லண்டனில் காலமானார். தம் இருதயத்தை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அப்படியே செய்யப்பட்டது. அந்த இருதயம் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தின் வசம் பாதுகாக்கப்பட்டது. வாழ்நாள் முழுதும் பிறர் நாடியைக் குறித்தவர், கடைசிக் குறிப்பாகத் தம்முடையதைக் கொடுத்துவிட்டுப் போனார்.

செயின்ட் ஆண்ட்ரூஸ் நிலையம் அவருக்குப் பின் நிலைத்து நிற்கவில்லை. ஆனால் அவருடைய புத்தகத்தைப் படித்து உந்தப்பட்ட வில் பிக்கிள்ஸ் என்ற யார்க்ஷயர் கிராமத்து டாக்டர், தம் கிராமங்களில் தொற்று நோய் யாரிடமிருந்து யாருக்கு, எத்தனை நாளில் பரவுகிறது என்று குறித்து 1939-ல் வெளியிட்ட நூல் பிரசித்தி பெற்றது. 1952-ல் பிரிட்டனில் குடும்ப டாக்டர்களுக்கென்று தனிக் கல்லூரி ஏற்பட்டபோது அதன் முதல் தலைவர் இந்த பிக்கிள்ஸ்தான். அந்தக் கல்லூரி மெக்கன்சியின் பெயரில் சொற்பொழிவு நடத்தி வருகிறது.

நமக்கு என்ன?

சான்று அடிப்படையிலான மருத்துவம் என்ற தொடர் 1990-களின் தொடக்கத்தில் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்திலிருந்து புறப்பட்டு உலகமெங்கும் பரவிற்று. ஆயிரக்கணக்கானவர்களை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மருந்தும் மற்றதற்கு வெற்று மாத்திரையும் கொடுத்து ஒப்பிடும் முறை மெக்கன்சி காலத்தில் இல்லை. தம் நோயாளிகளை மட்டுமே பார்த்து முடிவுக்கு வந்ததால் அவர் முறைக்கு எல்லைகள் உண்டு. புதிய சோதனைச்சாலைக் கருவிகளிடம் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை இருக்கவில்லை. நடுங்கும் மேல் அறையில் இரத்தம் உறைந்து மூளைக்குப் போய் பக்கவாதம் வரக்கூடும், அதைத் தடுக்க மாத்திரை உண்டு என்பதெல்லாம் பின்னால் வந்த அறிவு. ஆகவே நாடி தப்பினால் இன்று இ.ஸி.ஜி. எடுத்தே ஆக வேண்டும். மெக்கன்சி சொன்னார் என்று சும்மா இருந்துவிடக் கூடாது. நெஞ்சு வலி என்றால் யாருக்கும் காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

ஆனால் சான்றின் இன்னொரு பாதி நோயாளியின் சொந்தச் சரித்திரம். பெரிய ஆராய்ச்சிகள், இந்த மருந்து நூற்றுக்கு எத்தனை பேருக்கு உதவும் என்று சொல்லும். அந்த நூறு பேரில் நான் எங்கே நிற்கிறேன் என்பதை என்னைத் தெரிந்த ஒருவர்தான் சொல்ல முடியும். மும்பையில் இருக்கும் என் அத்திம்பேருக்கு 78 வயது. சில வருஷங்களுக்கு முன் ஒரு நாள் காலை பாத்ரூமில் தலை சுற்றி விழுந்தார். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்து ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள், ஒன்றும் புலப்படவில்லை. கடைசியில் அவர்கள் தெருவில் சிறிய கிளினிக் வைத்திருக்கும் ஒரு வயதான டாக்டர், வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வரச் சொன்னார். இருதய டாக்டர் எழுதியதும் சிறுநீரக டாக்டர் எழுதியதும் கம்பெனிப் பெயர் வேறானாலும் உள்ளே ஒரே பிரஷர் மருந்து. ஒன்றை அவர்களிடம் பேசி நிறுத்தினார். உட்கார்ந்தபடியும் நின்றபடியும் பிரஷர் பார்த்து ஒரு நோட்டில் இரண்டு வாரம் எழுதச் சொன்னார். அதற்குப் பிறகு அத்திம்பேர் விழவில்லை. அந்த நோட்டை அக்கா இன்றும் எழுதிக் கொண்டிருக்கிறாள்.

ஆகவே அங்கத்தினர்களுக்கு என் விண்ணப்பம் இதுதான். வீட்டுக்கு அருகில் ஒரு நல்ல எம்.பி.பி.எஸ். அல்லது குடும்ப மருத்துவம் படித்த டாக்டரைத் தேர்ந்தெடுங்கள். உடம்பு நன்றாக இருக்கும்போதே அவரிடம் போய்ப் பழக்கம் செய்து கொள்ளுங்கள். எந்த ஸ்பெஷலிஸ்ட் எதை எழுதினாலும் அந்தச் சீட்டு இவர் கண்ணில் படட்டும். பிரஷர், ஷுகர், எடை, நாடி, சாப்பிடும் மாத்திரைகளின் மருந்துப் பெயர், ஒத்துக் கொள்ளாத மருந்துகள் இவற்றைத் தேதியோடு ஒரே நோட்டில் எழுதி வையுங்கள். புதிய மருந்தோ பரிசோதனையோ சொன்னால், இது எதற்கு, பலன் உண்டா என்று எப்படித் தெரியும், எத்தனை நாள் என்ற மூன்றையும் மரியாதையாகக் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக் கொள்ள மாட்டார். எந்த மருந்தையும் டாக்டரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

நம் கிளைகளில் ஓய்வு பெற்ற டாக்டர்கள் பலர் இருக்கிறார்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாத்திரைப் பையோடு வரும் வயதானவர்களுக்கு அந்த ஒரு பட்டியலைச் சேர்த்து எழுதிக் கொடுக்க அவர்கள் முன்வந்தால், செலவு ஒரு நோட்டுப் புஸ்தகத்தின் விலைதான். எந்தக் கிளை முதலில் ஆரம்பிக்கிறது என்று பார்க்க ஆவலாக இருக்கிறேன்.